அக்காவைச் சேர்க்காத தாள்

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த இடத்துக்குத் தோட்டம் என்று பெயர். ஒரு பூச்செடி கிடையாது. பெரிய தெருவிலிருந்து ஆள் உடம்பைத் திருப்பிக்கொண்டு நுழைகிற மாதிரி ஒரு முடுக்கு. உள்ளே போனால் இந்தப் பக்கம் பதினொரு காம்பரா, அந்தப் பக்கம் பதினொரு காம்பரா, நடுவில் கழிவுநீர் ஓடுகிற ஒரு கான், கடைசியில் எல்லாருக்குமாக ஒரு பைப், அதற்கும் பின்னால் மூன்று கக்கூசு. கொழும்பில் அந்த மாதிரி இடங்களை எல்லாம் தோட்டம் என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் யாரோ பெரிய மனிதருடைய தென்னந்தோட்டமாக இருந்திருக்கும். தென்னையை வெட்டிவிட்டு எங்களை நட்டார்கள்.

நான் சொல்வது வெள்ளைக்காரன் காலம், இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குச் சில வருடம் முந்தி. என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் கரி சுமக்கிற வேலை. விடியற்காலையில் கேட்டடியில் பெயர் கூப்பிடுவார்கள். அந்த நேரத்துக்கு அங்கே நிற்கிறவனுக்குத்தான் அன்றைக்கு வேலை. அதனால்தான் கரி ஆட்கள் எல்லாரும் கொட்டாஞ்சேனையை விட்டு நகராமல் ஒருவர் மேல் ஒருவர் கிடந்தோம். தெரியாமல் கிடந்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எனக்குப் படிப்பு பெரிதாக இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் இருந்தேன். என் பெயரை எழுதுவேன், பஸ் போர்டு வாசிப்பேன், அச்செழுத்து என்றால் விரல் வைத்து மெதுவாக வாசிப்பேன். அந்தத் தோட்டத்தில் கைநாட்டு வைக்காத பெண் நான் ஒருத்திதான். இதை இப்போதும் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டுதான் சொல்கிறேன், அதனால் என்ன வந்தது என்று தெரிந்த பிறகும்.

எங்கள் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். அதில் நான், அவர், இரண்டு பெண் பிள்ளைகள், என் அக்கா. ஐந்து பேர்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா போன பிறகு எனக்குத் தலை சீவிவிட்டது அவள்தான். கட்டிக்கொடுத்த மூன்றாம் வருடமே அவள் புருசன் கட்டிட வேலையில் மேலேயிருந்து விழுந்து இறந்துபோனார். பிள்ளை இல்லை. ஒரு தகரப் பெட்டியோடு என்னிடம் வந்தாள். வந்த மறுநாளே இடியப்ப உரலைக் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காலையில் அவள் அவிக்கிற இடியப்பத்துக்குத் தோட்டம் முழுவதும் தட்டோடு வந்து நிற்கும். வெள்ளைச் சேலை கட்டினாளே தவிர வாய் அடங்கவில்லை. "இந்தக் காம்பராவுல நான் காலு நீட்டணும்னா ஒருத்தர் செத்தாகணும், அது யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று என் வீட்டுக்காரர் முன்னாலேயே சொல்வாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சிரிப்பார். பிள்ளைகள் இரண்டும் அவளுடைய இரண்டு பக்கத்தில்தான் தூங்கும். என்னிடம் வராது.

இவ்வளவு அறைக்கு இவ்வளவு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. அதைப் பார்க்க ஒருவர் வருவார். சானிட்டரி ஐயா என்போம். ஆள் கூடுதலாக இருந்தால் தோட்டத்துச் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் போகும். சொந்தக்காரர் என்ன செய்வார் என்றால், கூடுதலாக இருக்கிற ஓர் ஆளை எடுக்கச் சொல்ல மாட்டார். முழுக் குடும்பத்தையும் எடுத்துவிட்டு வேறு குடும்பத்தை வைப்பார். இரண்டு குடும்பம் அப்படி முடுக்கு வாசலில் பாத்திரத்தோடு நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. முதல் காம்பராவில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த அம்மாவை நாங்கள் எல்லாரும் ராத்தா என்று கூப்பிடுவோம். சானிட்டரி ஐயாவின் தொப்பி முடுக்கு வாசலில் தெரிந்தால் ராத்தா வெளியே வந்து "பா, பா, பா" என்று கோழியைக் கூப்பிடுவார். ராத்தாவிடம் ஒரு கோழியும் கிடையாது. அந்தக் கூப்பாடு கேட்டதும் ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் கூடுதல் ஆட்கள் வெளியே வருவார்கள். மாமியார்கள், மச்சான்மார், இரவு வேலை முடித்துத் தூங்குகிற பையன்கள் எல்லாரும் கக்கூசுக்குப் பின்னால் இடிந்திருந்த மதில் வழியாகப் போய் மாதா கோயில் வளவில் நிழலுக்கு உட்கார்ந்துவிடுவார்கள். அக்கா தன் பாயையும் தலையணையையும் துணிக்கூடையில் வைத்து, துவைக்கப் போகிறவள் மாதிரி தலையில் தூக்கிக்கொண்டு நடப்பாள். "சானிட்டரி ஐயா புண்ணியத்துல எனக்கு மாசம் ஒரு தரம் காத்தாட முடியுது" என்பாள். ஐயா வந்து தலைகளை எண்ணி எழுதிக்கொண்டு போவார். ஐயா முடுக்கு தாண்டியதும் எல்லாரும் திரும்பி வருவார்கள்.

இதில் எனக்குத்தான் பெருமை அதிகம். எந்தக் காம்பராவிலாவது ஒரு கூடுதல் பாய், ஒரு கூடுதல் தட்டு அகப்பட்டுவிடும். என் காம்பராவில் ஒருநாளும் அகப்பட்டதில்லை. பித்தளைச் செம்பைப் புளி போட்டு விளக்கி வைத்து, தரையைத் துடைத்து, நாலு பேர் இருக்கிற வீடு எப்படி இருக்குமோ அப்படியே வைத்திருப்பேன்.

ஒருநாள் காலையில் புதிதாக ஒரு ஐயா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஏதோ அரசாங்கக் கந்தோரில் கிளார்க். மெலிந்த ஆள், தோளில் குடை. பைப்படியில் நின்று எங்களிடம் சொன்னார்.

"இந்தத் தோட்டத்தை உடைக்கப் போயினம். உங்களுக்கெண்டு வேறை இடத்திலை கல்லு வீடு கட்டுவினம். எத்தினை பேர் எண்டு பாத்துத்தான் அறை குடுக்கிறது. வாற புதன்கிழமை ஒவ்வொரு அறையா வந்து எழுதுவன். உள்ளதைச் சொல்லுங்கோ. ஒருத்தரையும் பிடிக்க வரேல்லை."

அவர் போன பிறகு வாளியை எடுக்காமல் எல்லாப் பெண்களும் பைப்படியிலேயே நின்றோம். இது சொந்தக்காரர் செய்கிற சூழ்ச்சி என்றார்கள் சிலர். உள்ளதைச் சொல்ல வைத்து, அதை வைத்தே வெளியே தள்ளப் போகிறார்கள் என்றார்கள். நானும் அதைத்தான் சொன்னேன், எல்லாரையும்விடச் சத்தமாக.

ராத்தா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு ஏழு புள்ள ஈக்கி, மாமியும் ஈக்கிறா. ஒளிச்சு ஒளிச்சு இனி ஏலா. அந்த மனிசன்ட மொகத்தப் பாத்தா பொய் சொல்ற மொகமா தெரியல்ல. நான் உள்ளதச் சொல்லப் போறன்."

"சொல்லுங்க ராத்தா, சொல்லுங்க," என்றேன் நான். "பத்துப் பேரும் முடுக்கு வாசல்ல நிக்கிறப்ப நான் வந்து ஒரு செம்பு தண்ணி தாறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ராத்தாவும் சிரித்துக்கொண்டே, "நீ தண்ணி கொண்டு வா தங்கச்சி. நான் புது வூட்டுல ஈந்து ஒனக்குத் தேத்தண்ணி அனுப்புறன்" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் அக்கா மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். "ஏன்டி, நாமளும் ஒரு தரம் சொல்லித்தான் பாப்பமே. அஞ்சு பேருன்னு."

"காம்பராவ மூடிட்டா?"

"மூடுனா எல்லாருமா போவோம். ராத்தா சொல்றாங்கள்ல."

"புள்ள குட்டி உள்ளவளுக்குத்தான்க்கா அந்தப் பயம் தெரியும்."

அது என் வாயிலிருந்து வந்துவிட்டது. ராத்தாவுக்கு ஏழு பிள்ளைகள் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. அக்கா மாவில் தண்ணீர் கூடிவிட்டது என்று இன்னும் கொஞ்சம் மாவை எடுத்துப் போட்டாள். அவள் வாய் திறந்து கேட்டதே அந்த ஒரு தடவைதான். தான் இருப்பதாக யாராவது எழுதிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்திருக்கிறது. ஏழு வருடம் எங்களோடு இருந்தவள். எந்தத் தாளிலும் அவள் இல்லை.

புதன்கிழமை வந்தது. அன்றைக்குக் கோழிக் கூப்பாடு கேட்கவில்லை. உள்ளதைச் சொல்லப் போகிற ராத்தா எதற்குக் கூப்பிட வேண்டும்? நான் பைப்படியிலிருந்து நிமிர்ந்து பார்த்தபோது கிளார்க் ஐயாவும் அளவு நாடா பிடிக்கிற ஆளும் எங்கள் வரிசைக்கே வந்துவிட்டார்கள். ஓடிப்போய், "போக்கா, போக்கா" என்றேன். அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு மதிலைத் தாண்டினாள். எங்களுடையது கடைசிக் காம்பரா, பேசினால் மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கும். மாதா கோயில் வரை போக நேரமில்லாமல் அவள் மதிலுக்கு அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேசினேன்.

நாடா ஆள் நீளம் அகலம் பார்த்துச் சிங்களத்தில் சொல்ல, கிளார்க் ஐயா எழுதினார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். "வலு துப்புரவா வைச்சிருக்கிறியள்," என்றார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

"எத்தினை பேர் இருக்கிறியள்?"

"நாலு பேருங்க ஐயா. நாங்க ரெண்டு பேரு, புள்ளைங்க ரெண்டு பேரு."

என் சின்ன மகள், "பெரியம்மா" என்று மதிலைக் காட்டப் போனாள். தோளில் பிடித்துக் கிள்ளினேன். அழாமல் என்னைப் பார்த்தாள்.

அவர் கவனித்தாரோ இல்லையோ, வெளியே கொடியில் கிடந்த வெள்ளைச் சேலையைப் பார்த்தார். நான் கட்டியிருந்தது பூப்போட்ட சேலை.

"உது ஆற்றை சீலை?"

"ஊர்ல இருந்து வந்த சொந்தங்க. நேத்தே போயிட்டாங்க."

"திரும்பி வருவாவோ?"

"இல்லிங்க."

பேனாவை எழுதாமல் பிடித்துக்கொண்டு நின்றார். "பயப்பிடாதேங்கோ பிள்ளை. இருக்கிற ஆளை எழுதினால் அவவுக்கும் சேத்துத்தான் இடம் வரும்."

"இருந்தா சொல்ல மாட்டேனா ஐயா."

எழுதினார். மைப் பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார், பெருவிரலுக்கு. அதுவரை எல்லாப் பெண்களும் விரலைத்தான் வைத்திருந்தார்கள். "எனக்குக் கையெழுத்து வருங்க," என்றேன். பேனாவைக் கொடுத்தார். நான் நேரம் எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக, கோட்டுக்கு மேலே ஏறாமல் போட்டேன். "வடிவான எழுத்து," என்றார். பக்கத்துக் காம்பராப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர்கள் போன பிறகு அக்கா மதில் வழியாக உள்ளே வந்தாள். கூடையை இறக்கினாள். கொடியிலிருந்த சேலையை எடுத்து, ஈரம் இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்து, மடித்தாள்.

"நேத்தே போயிட்டேனாமே," என்றாள். "எந்த ஊருக்குன்னு சொல்லியிருந்தா இந்நேரம் வண்டி ஏறியிருப்பேன்ல."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். தப்பித்துவிட்டோம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மழைக்காலம் முடிந்த பிறகு முடுக்கு வாசலில் அச்சடித்த தாள்களை ஒட்டினார்கள். தமிழிலும் இருந்தது. யாருக்கும் வாசிக்க வராததால் என்னைத்தான் கூப்பிட்டார்கள். கைப்பிள்ளைக்காரிகள், கிழவர்கள், ராத்தா எல்லாரும் சுற்றி நிற்க, நான் விரல் வைத்து வாசித்தேன். முதலில் ராத்தாவுடைய வீடு. பத்துப் பேர், இரண்டு அறை, தனியாகச் சமைக்க ஒரு குசினி. ராத்தா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டார். உள்ளதைச் சொன்ன வேறு நாலைந்து வீடுகளுக்கும் அப்படியே இருந்தது. மறைத்தவர்களுக்கு எவ்வளவு சொன்னார்களோ அவ்வளவு. என் விரல் கடைசி வரிக்கு வந்தது. நாலு பேர், ஓர் அறை. கீழே தடித்த எழுத்தில், தாளில் உள்ள ஆட்களைத் தவிர வேறு எவரும் தங்கக் கூடாது.

அதையும் நான்தான் சத்தமாக வாசித்தேன். அக்கா கூட்டத்துக்குப் பின்னால் இடியப்பத் தட்டோடு நின்றிருந்தாள்.

அடுத்த நாளே கந்தோருக்குப் போனேன். வாங்குப் பலகையில் மத்தியானம் வரை உட்கார வைத்தார்கள். கிளார்க் ஐயா என்னை மறக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மதிலுக்குப் பின்னால் நின்றது வரைக்கும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஒரு தாள்கட்டை எடுத்துப் பிரித்து எங்கள் தாளைக் கண்டுபிடித்தார். என் பெயர் அதில் அழகாகத்தான் இருந்தது.

"கைநாட்டு வைச்ச ஆக்களெண்டால், வாசிக்கத் தெரியாது, விளங்காமல் வைச்சிட்டினம் எண்டு நான் ஒரு குறிப்பு எழுதி மேலை அனுப்பலாம். ரெண்டு மூண்டு பேருக்கு அப்பிடிச் செய்தனான். நீங்கள் கையெழுத்தெல்லோ போட்டிருக்கிறியள். வாசிச்சுத்தான் போட்டது எண்டு பெரியவர் சொல்லுவார்."

"எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு எழுதுங்க ஐயா."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எம் பேரு மட்டுந்தான் எழுதத் தெரியும். வேற ஒண்ணும் தெரியாதுங்க. அப்படியே எழுதுங்க," என்றேன். என் வாழ்க்கையில் நான் அப்படிச் சொன்னது அந்த ஒருநாள்தான். பக்கத்து மேசைக்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பிந்திப்போச்சு பிள்ளை," என்றார். "அறையெல்லாம் பங்கு போட்டாச்சு. இனி ஒரு ஆளைக் கூட்டினால் இன்னொரு ஆளின்ரை இடத்தைத்தான் எடுக்கவேணும்."

புது வீடு மாளிகாவத்தைப் பக்கம். பொய் சொல்லக் கூடாது, நல்ல கட்டிடம். மாடிக்கு மாடி பைப் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் காற்று வரும். மழை பெய்தால் கான் தண்ணீர் அடுப்புக்குள் வராது. என் பிள்ளைகளுக்கு இருந்த சிரங்கு அங்கே போன இரண்டு மாதத்தில் ஆறியது. ஆனால் ஒரே ஒரு படிக்கட்டுதான். அந்தப் படியடியில் ஒரு காவல்காரர், போலீசில் இருந்து ஓய்வு எடுத்த சிங்கள ஆள், ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். இடிந்த மதில் எதுவும் இல்லை. துறைமுகத்துக்கும் தூரம். என் வீட்டுக்காரர் முன்பைவிட ஒரு மணி நேரம் முந்தி எழுந்து நடந்தும், கேட்டடியில் பெயர் கூப்பிட்டு முடிந்த பிறகு போய் நின்ற நாட்கள் உண்டு.

அக்கா விருந்தாளி என்று சொல்லி எங்களோடு வந்தாள். பதினொரு நாள் இருந்தாள். இடியப்பம் அவிக்க இடமில்லை, வாங்கவும் பழகிய ஆள் இல்லை. பகலில் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். யாராவது படியேறுகிற சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவாள். காவல்காரர் கெட்டவர் இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார். "அந்த அக்காட பேரு லிஸ்ட்ல இல்லை தானே. நான் பாத்தும் பாக்காம இருக்கிறது. கந்தோர்ல இருந்து பெரிய மாத்தயா வந்தா ஒங்களையும் சேத்துத்தான் போகச் சொல்லும்."

நான் அதை அக்காவிடம் சொல்லவில்லை. ஆனால் பன்னிரண்டாம் நாள் காலையில் அவளே தலை வாரிக்கொண்டு சொன்னாள். "வெள்ளவத்தையில ஒரு வக்கீல் வீட்டுல சமையலுக்கு ஆள் கேக்குறாங்களாம். அங்கயே இருக்கணுமாம். ராத்தாதான் விசாரிச்சுச் சொன்னாங்க." என்னிடம் கேட்காமல் ராத்தாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். என் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் போனார். நான் படியடி வரைக்கும் போனேன். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போயிருந்த நேரமாகப் பார்த்துத்தான் கிளம்பினாள். சாயந்தரம் அதுகளுக்குச் சொன்னது நான். சின்னவள் அன்றைக்கு நான் கிள்ளின தோளைப் பிடித்துக்கொண்டு தூரப் போய் உட்கார்ந்தாள்.

இப்போதும் இந்த ஊரில் ஏழைகளுக்கு வீடு கட்டப் போகிறோம் என்று தாளோடு வருகிறார்கள். படித்த பிள்ளைகள், மரியாதையாகப் பேசுகிறார்கள். வீட்டுக்கு எத்தனை பேர் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆள் கூடினால் வெளியே தள்ளுவோம் என்று பத்து வருடம் பயமுறுத்தி வைத்த இடத்தில், ஒரு புதன்கிழமை வந்து உண்மையைச் சொல் என்றால் சொல்ல மாட்டார்கள். தள்ள மாட்டோம் என்று முதலில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். அது எங்களை மாதிரி ஆட்களுடைய நெஞ்சில் இறங்குகிறவரை காத்திருக்க வேண்டும். ஒரு தடவை கேட்டு மூடிவிடக் கூடாது, இன்னொரு தடவையும் வர வேண்டும். எத்தனை பேர் என்று கேட்பதைவிட, இந்த அடுப்பில் சமைத்ததை யார் யார் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருந்தால், நான் வாய் தவறியாவது சொல்லியிருப்பேன். வேலை எங்கே என்பதையும் கேட்க வேண்டும். இதெல்லாம் அவர்களுக்கு. என்னுடைய பொய்யை நான் அவர்கள் தலையில் கட்டவில்லை. அந்த ஐயா எனக்காகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராத்தாவுக்கும் அதே பயம்தான் இருந்தது.

அக்கா மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவாள். பிள்ளைகளுக்குப் பிஸ்கட் கொண்டு வருவாள். படியடியில் காவல்காரரிடம், "விருந்தாளி வந்திருக்கேன், எழுதிக்கங்க" என்று அவளாகவே சொல்லிவிட்டுத்தான் மேலே ஏறுவாள். அவர் எழுதுகிறவர் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சொல்வாள். வந்தால் வாசலை ஒட்டித்தான் உட்காருவாள். களைப்பாக இருக்கிறதே, கொஞ்சம் படு என்றால் மாட்டாள். விளக்கு வைக்கிறதற்கு முந்தி எழுந்துவிடுவாள்.

மூன்று வருடம் இப்படிப் போனது. கட்டிடத்தில் சில பேர் காலி பண்ணிப் போனார்கள். திரும்பவும் ஒரு கணக்கு எடுக்க வந்தார்கள், அதே கிளார்க் ஐயா, தலை கொஞ்சம் நரைத்திருந்தது. என்னைக் கண்டதும், "இந்தமுறை அஞ்செண்டு எழுதுவமோ?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் காலியாக இருந்த சிறிய அறையையும் சேர்த்து எங்களுக்கு எழுதினார். அக்காவின் பெயரைக் கேட்டு எழுதினார். ஒரு வாரத்தில் முத்திரை குத்திய தாள் கையில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. அன்றைக்கே வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினேன். கடலுக்குப் போகிற ஒரு ஒழுங்கையில் அந்த வீடு. பின்பக்கக் கேட் வழியாகப் போகச் சொன்னார்கள். அக்கா குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு காலி ரோடு என்கிற பெரிய தெருவுக்கு நடந்தாள். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு மர நிழல் இருந்தது.

தாளைப் பிரித்துக் காட்டினேன். "அஞ்சு பேருன்னு எழுதியாச்சுக்கா. ஒம் பேரு மூணாவதா இருக்கு, புள்ளைங்களுக்கு முந்தி."

"எதுடி எம் பேரு?"

விரல் வைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் நான் வாசிக்க எடுக்கிற நேரத்தைவிடக் கூடுதலாகப் பார்த்தாள்.

"நீளமாத்தான் இருக்கு," என்றாள்.

"பெட்டிய எடுத்துக்கிட்டு வாக்கா. அவரு ஞாயித்துக்கெழம வந்து தூக்கிக்குவாரு."

"வர்றேன்டி. விருந்துக்கு வர்றேன். எப்பவும் மாதிரி."

எனக்கு விளங்கவில்லை. சம்பளம் நிற்கும் என்று பார்க்கிறாளோ என்று நினைத்து, இடியப்பம் போடலாம், அந்தச் சின்ன அறையில் இடம் இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு நான், "அன்னிக்கு நான் பயத்துலதான்க்கா..." என்று தொடங்கினேன்.

"தெரியும்டி. பயந்தா நீ என்ன செய்வேன்னு தெரிஞ்சுபோச்சு, அவ்வளவுதான். கோவம் ஒண்ணும் இல்ல." சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். அதில் மீன் வாடை அடித்தது. "ஒங்க வீட்டுல படுத்திருக்கிறப்ப எனக்கு ஒரு காது முழிச்சுக்கிட்டே கெடக்கும். தோட்டத்துலயும் அப்படித்தான். இந்த வக்கீல் வீட்டுக்காரங்க என்னைய ஒறவுன்னு சொல்லல, ஆளே இல்லன்னும் சொல்லல. ஆனா குசினிக்குப் பக்கத்துல ஒரு எடம் குடுத்திருக்காங்க. படுத்தா விடியத்தான் முழிப்பு வருது. எனக்கு அது போதும்."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் என் தலையில் கலைந்திருந்த மயிரை ஒதுக்கிவிட்டாள், சின்ன வயதில் செய்கிற மாதிரி. புள்ளைகள் எப்படி இருக்கு, சின்னது ஒழுங்காச் சாப்பிடுதா என்று கேட்டாள். சாப்பிடுகிறது என்றேன்.

பஸ் வந்தது. அவள் கொண்டக்டரிடம் சிங்களத்தில், இது என் தங்கச்சி, பெட்டாவில் பார்த்து இறக்கிவிடு என்றாள். எனக்குப் போர்டு வாசிக்கத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்தேன். அடுப்பில் சோறு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பஸ் எடுக்கிறதற்கு முந்தியே அவள் திரும்பி ஒழுங்கைக்குள் நடந்தாள்.

பம்பலப்பிட்டி தாண்டின பிறகுதான் கையைப் பார்த்தேன். தாள் என்னிடம் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது சின்னதாக மடித்து அவள் இடுப்பில் செருகிக்கொண்டது ஞாபகம் வந்தது. கந்தோரில் போய், தொலைந்துவிட்டது என்று சொல்லி வேறு தாள் வாங்கினேன். அக்கா அதற்குப் பிறகு பதினேழு வருடம் இருந்தாள், அந்த வீட்டிலேயே. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள், விளக்கு வைக்க முந்திப் போனாள். அந்தத் தாளை நானும் கேட்கவில்லை, அவளும் தரவில்லை.